அகல லென்ஸில் விழுந்தவர்

எங்கள் வீட்டுக் கமராவுக்கு இரண்டு லென்ஸ் இருந்தன. ஒன்று அதோடேயே வந்தது. அதற்குள் பூஞ்சணம் பிடித்து, சிலந்தி வலை போல ஏதோ படர்ந்து, கடைசியில் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது. மற்றது அகல லென்ஸ். முன் கண்ணாடி ஒரு போத்தல் மூடியளவுதான். ஆனால் நாலு பேர் கொள்ளும் இடத்தில் எட்டுப் பேரை உள்ளே இழுத்துவிடும். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த என் அண்ணன், காக்கா, ரஷ்யக் கப்பலில் வந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் சேர்த்து மலிவாக வாங்கிக்கொண்டு வந்தார். சூறாவளி வந்து தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்ற காலம் அது.

மலிவுக்கு ஒரு காரணம் இருந்தது. இந்த வகைக் கமராவில் லென்ஸுக்குள்ளால் பார்க்க முடியாது. அதற்கு மேலே ஒரு மூலையில் இருக்கிற சின்ன யன்னலால்தான் பார்க்க வேண்டும். அந்த யன்னல் பழைய லென்ஸுக்கு அளவாகச் செய்தது. அகல லென்ஸ் போட்டால் அதற்கென்று வேறொரு குட்டி யன்னலை மேலே செருக வேண்டும். அந்தக் குட்டி யன்னல் எங்கேயோ தொலைந்து போயிருந்தது. ஆகவே நான் காண்பது நடுவில் ஒரு துண்டு மட்டும். அதைச் சுற்றி இரண்டு பக்கமும் மேலேயும் கீழேயும் லென்ஸ் இன்னும் நிறையப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மிச்சத்தில் என்ன விழுந்தது என்று படம் கழுவிய பிறகுதான் தெரியவரும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அடுப்பு அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் படுத்தாலும், எழும்பிப் போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். என் கையில் இருக்கிற ஒன்று, எனக்குத் தெரியாமல், என் இரண்டு பக்கமும் பார்க்கிறது என்றால் எப்படி மனம் ஆறும்?

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த யன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. அதற்குள் எந்த ஆளும் இரண்டாகத் தெரிவார். ஒருவர் கெட்டி, மற்றவர் புகை. லென்ஸின் வளையத்தைத் திருகத் திருகப் புகை ஆள் நகர்ந்து வந்து கெட்டி ஆளுக்குள் புகுந்துகொள்வார். அப்போதுதான் தூரம் சரி. முதல் தடவை உம்மாவை அதற்குள் பார்த்தபோது கமராவைச் சட்டென்று இறக்கிவிட்டேன்.

"உம்மா, ஒங்களுக்குப் பக்கத்துல இன்னொரு உம்மா நிக்கிறா" என்றேன்.

"அவவ அடுப்படிக்கு அனுப்பு மனே. மீன் அரியணும்" என்றார் உம்மா. பெண் பிள்ளையானாலும் அவருக்கு நான் மனேதான்.

நான் பெரிய பிள்ளையான கையோடு, எட்டாம் வகுப்பில், பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டில் இருக்கிறவள் பழகட்டும் என்று காக்கா கமராவை என் கையில் தந்தார். அதற்கு வேலையும் தானாக வந்தது. எங்கள் பக்கம் கலியாணம் பெண் வீட்டில்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். பெண் இருக்கிற அறைக்குள் பிற ஆண் கால் வைக்க முடியாது. கல்முனை ஸ்டூடியோக்காரர் முன் மண்டபத்தோடு நின்றுவிடுவார். உள்ளே நான். அந்த அறைகளோ சின்னவை. பின்னால் போக இடமில்லை, சுவர் முதுகில் முட்டும். அகல லென்ஸ் இல்லாவிட்டால் பெண்ணின் மூக்குத்தான் படத்தில் விழும்.

அதற்கு ஒரு ஒழுங்கும் இருந்தது. ஆண்கள் படம் ஒரு சுருள், பெண்கள் படம் வேறொரு சுருள். ஒரே சுருளில் இரண்டும் விழக்கூடாது. ஆண்கள் சுருளைக் காக்கா ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவுவார். பெண்கள் சுருள் எங்கள் வாசலைத் தாண்டாது. நெல் மூட்டை அடுக்குகிற அறையில், கதவு நீக்கலில் சாக்கைச் செருகி இருட்டாக்கி, நானே கழுவி, நானே காகிதத்தில் எடுத்துக் கொடுப்பேன். சூட்கேஸுக்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு பெரிதாக்கும் கருவியும் கமராவோடு வந்திருந்தது. ஊர்ப் பெண்கள் முக்காட்டை இறக்கிவிட்டு என் முன்னால் இருந்தது இந்த ஒழுங்கை நம்பித்தான்.

காக்காவின் லீவு முடியும்போது அவருடைய சுருள் பாதியில் நின்றால், அதைத் திருப்பிச் சுற்றி, வால் நுனி மட்டும் வெளியே நிற்கிற மாதிரி எடுத்து, கறுப்பு மூடி டப்பாவில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போவார். அடுத்த லீவில் அதையே போட்டு, எடுத்த படங்கள் தாண்டும்வரை லென்ஸைப் பொத்திக்கொண்டு ஓட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். என் புதுச் சுருள்கள் வெள்ளை மூடி டப்பாவில்.

ஒவ்வொரு சுருளைக் கழுவும்போதும் ஓரங்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். என்னென்னவோ விழும். ஒரு கலியாணத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் கையொன்று மட்டும் வந்து தட்டிலிருந்து தொதல் எடுத்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை, கை மட்டும். விரலில் கிடந்த மோதிரத்தை வைத்து அது யாருடைய கை என்று கண்டுபிடித்து எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கச் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், இந்தப் படியேற மாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பக்கத்து வளவுக்காரியின் முகம் யன்னல் ஓரத்தில் விழுந்திருந்தது. ஓரத்தில் நிற்கிறவரை அந்த லென்ஸ் இழுத்து அகலமாக்கியும் விடும். மாப்பிள்ளையின் உம்மா ஒருவர் படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ட மூஞ்சிய ஏன் புள்ள பலாப்பழம் மாதிரி ஆக்கி வெச்சிரிக்காய்?"

"ஓரத்துல நிண்டீங்க மாமி. ஓரத்துல நிண்டா இழுக்கும்."

"நடுவுல பொண்ணு இரிக்கா. நான் என்ன, அவட மடியிலயா போய் இரிக்கிற?"

சிரிப்பு வேறு. ஆனால் ஒன்றை மனதில் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் விழுந்த எவரும் பொய்யாக இருந்ததில்லை. விசாரித்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் அந்த ஆள் நின்றது உண்மையாகவே இருக்கும். நான் காணாததை லென்ஸ் கண்டிருக்கும், அவ்வளவுதான். எனக்கு மட்டுமல்ல, எல்லாப் பெண்களுக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் அந்த நம்பிக்கையால் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வளவில், நான் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். கூடப் பிறந்தவர் அல்ல, ஆனால் அவருடைய தறிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மருதமுனைப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் வீடு வாங்கி வந்த குடும்பம். அவருடைய மாப்பிள்ளை கடல் தொழில். அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மச்சானும் இன்னும் இரண்டு பேரும் புதிதாகச் சாயம் பூசிய மெசின் படகொன்றில் ஒரு காலை கடலுக்குப் போனார்கள். அன்றைக்குக் காக்காவுக்கு லீவின் கடைசி நாள். கரைக்குப் போய்ப் படகைப் படம் எடுத்துவிட்டு வந்து, நாலைந்து படத்தோடு நின்ற சுருளைக் கழற்றி வைத்துவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினார். அந்தப் படகு திரும்பி வரவில்லை. ஒலுவில் பக்கம் கூடப் போன ஒருவரின் உடல் மையித்தாக ஒதுங்கியது. பிறகு பொத்துவிலுக்குக் கிட்ட இன்னொன்று. புதுச் சாயத்தோடு பலகைத் துண்டுகள் வந்தன. மச்சான் மட்டும் வரவில்லை.

பள்ளிவாசலில் ஊர்ப் பெரியவரான மரைக்காயரும் மௌலவியும் கூடிக் கதைத்தார்கள். கூடப் போன இரண்டு பேர் மையித்தாகக் கிடைத்துவிட்டார்கள், படகும் உடைந்துவிட்டது, மூன்றாமவரும் மௌத்துத்தான் என்று முடிவாயிற்று. ராத்தா இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, பிற ஆண் கண்ணில் படாமல் ஒரு அறைக்குள் இருக்க வேண்டும். ராத்தா மாட்டேன் என்றார்.

"மையித்தக் காட்டுங்க, நான் இரிக்கிறன்" என்று தன் வாப்பாவிடம் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "ஹயாத்தோட, உசிரோட இரிக்கிற மனிசனுக்கு நான் இத்தா இருந்தா, அவர நானே அடக்கம் பண்ணின மாதிரித்தானே?"

"புள்ள, எத்தின நாளைக்கு இப்பிடி? நீ அவன்ட பொஞ்சாதியா, கைம்பெஞ்சாதியா எண்டு ஊரு கேக்கிது. நான் என்னத்தச் செல்ல?"

"தறி அடிக்கிறாள் எண்டு செல்லுங்க."

அவர் தறி அடித்துக்கொண்டேதான் இருந்தார். அவருடைய வாப்பா பேசாமல் போவார், பிறகு வருவார், மறுபடி அதே கேள்வி.

நோன்புப் பெருநாள் வந்து போனது. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணம். வெள்ளை மூடி டப்பாவிலிருந்து சுருளை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். பெண்ணின் அறையில் வெளிச்சம் முற்றத்துக் கதவால் மட்டும்தான், இடது பக்கத்திலிருந்து. வலது பக்க மூலை இருட்டு. பெண்ணை நடுவில் வைத்து, மஞ்சள் பொட்டில் புகைப் பெண்ணைக் கெட்டிப் பெண்ணோடு சேர்த்து, எடுத்துக்கொண்டு போனேன். ராத்தாவும் கலர் சேலையோடு வந்திருந்தார். இத்தாவில் இருக்க வேண்டியவள் கலியாண வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பெண்கள் இடம் கொடுக்காமல் நகர்ந்துகொண்டார்கள். அவர் எங்கே போய் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கழுவினேன். தொடக்கத்தில் இரண்டு மூன்று எப்போதும் கறுத்துத்தான் இருக்கும், சுருள் போடும்போது வெளிச்சம் பட்டுவிடும். அவற்றை நான் பார்ப்பதேயில்லை. அடுத்ததைக் காகிதத்தில் எடுத்தேன். சிவப்பு பல்பின் கீழே, தட்டில் கிடந்த காகிதத்தில் முதலில் பெண்ணின் புருவம் வந்தது. பிறகு சேலைக் கரை. பிறகு சுற்றியிருந்த முகங்கள். ஓரங்கள் கடைசியில்தான் வரும். வலது ஓரத்தில் ராத்தா மெல்ல மெல்ல வந்தார், சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார்.

மேலில் சட்டையில்லை. சாரனை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் துவாய். அவருடைய நெஞ்சுக்குள்ளால் சுவரில் தொங்கின கலண்டர் தெரிந்தது. முகம் ராத்தாவின் பக்கம் திரும்பியிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றே பார்த்த முகம்தான், ஆனாலும் எனக்குத் தெரியும். மச்சான்.

நான் காகிதத்தை எடுக்கவில்லை. தட்டிலேயே கிடந்து முழுவதும் கறுத்துப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, கையால் செய்ததில்தான் பிழையோ என்று இன்னொரு காகிதத்தில் எடுத்தேன். அதிலும் அவர் வந்தார். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. சாக்கை இழுத்தெறிந்துவிட்டு வெளியே ஓடினேன்.

உம்மா ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயத்துல் குர்ஸி ஓதி என் நெஞ்சில் ஊதினார். "இத எரிச்சிரு மனே. ஒருத்தருக்கும் மூச்சு விட்றாத" என்றார். நான் மூச்சும் விடவில்லை, எரிக்கவும் கை வரவில்லை. உம்மா ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னாராம். அஸர் தொழுகைக்கு முன் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.

ராத்தா வந்து எங்கள் குசினி வாசலில் நின்றார். "காட்டு புள்ள."

கொடுத்தேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. விரலால் படத்தின் ஓரத்தை மெதுவாகத் தடவினார்.

"நீ எடுக்கக்க அவரக் கண்டியா?"

"இல்ல ராத்தா. நான் ஒங்களயே காணல்ல. எனக்கு நடுவுல பொண்ணு மட்டும்தான் தெரிஞ்ச."

"என்னக் காணல்ல. ஆனா நான் அங்க நிண்டன்தானே?"

"ஓம்."

"அப்ப அவரையும் நீ காணல்ல, அவ்வளவுதான். அவரும் நிண்டிரிக்கார்."

அவருடைய வாப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார். ராத்தா மற்றப் பெண்களைக் கையால் மறைத்துப் பிடிக்க, படத்தைக் கையில் வாங்காமல் தூரத்தில் நின்றே பார்த்தார்.

"மௌத்தானவன்ட ரூஹு அது" என்றார். "இத்தா இரு எண்டு செல்லத்தான் வந்து நிக்கிது. இதுக்கு மேலயும் ஒனக்கு என்ன வேணும்?"

"ரூஹு படத்துல விழுமா வாப்பா? வெளிச்சம் பட்டாத்தானே படம்? இவக்கிட்டயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வெளிச்சம் படணும்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? அது உண்மை.

ஒரே படம். அதைப் பார்த்து வாப்பா மருமகனை மனதுக்குள் அடக்கம் பண்ணிவிட்டார். மகள் அதைப் பார்த்தே கட்டியவருக்குச் சோறு போடத் தொடங்கினார். அன்றிலிருந்து ராத்தாவின் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பீங்கான் வைக்கப்பட்டது. ஒன்றில் சோறும் ஆணமும் மூடிக் கிடக்கும். தறி நின்றது. ஓடிக்கொண்டிருந்த நூல் அப்படியே தூசி பிடித்துப் போனது.

பிறகு ஒரு நாள் வந்து, தன் வீட்டையும் படம் எடுக்கச் சொன்னார்.

"ஆர நிக்க வெச்சி?"

"ஒருத்தரும் வேணாம். வீட்ட மட்டும் எடு. நடுவப் பாக்காத."

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆளில்லாத குசினியை எடுத்தேன். கிணற்றடியை எடுத்தேன். தறி இருந்த அறையை, கட்டிலை, கட்டிலுக்குப் பின்னாலிருந்த மூலையை எடுத்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால், என் மூச்சோடு மூச்சாக நிற்பார். மஞ்சள் பொட்டுக்குள் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. வெறும் சுவர் இரண்டாகி ஒன்றாகும். அந்தச் சின்ன யன்னலுக்குள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அதற்கு வெளியே என்ன நிற்கிறதோ என்று நினைத்துக்கொண்டே விசையை அமத்துவேன். வாழ்க்கையில் அதைவிடப் பயந்து நான் எதையும் செய்ததில்லை.

படங்களில் ஒன்றும் இருக்காது. ஆனால் ராத்தா ஓரங்களை விரலால் தேடுவார்.

"இது என்ன?"

"வாளிட நிழல், ராத்தா."

"வாளிக்குத் தோள் இரிக்கா?"

ஓரத்தில் விழும் எதையும் அந்த லென்ஸ் இழுத்துவிடும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானும் பார்த்தேன். தோள் மாதிரித்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்னாலும் எங்கள் குசினிக்குள் தனியாகப் போக முடியவில்லை.

கொஞ்ச நாளில் ராத்தா எதையும் நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டார். யாரோடு கதைத்தாலும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண் முனையால் பார்ப்பார். "நேராப் பாத்தா அவர் இரிக்க மாட்டார் புள்ள" என்று என்னிடம் இரகசியம் போலச் சொன்னார். "ஓரத்துலதான் நிப்பார்." அதைச் சொல்லும்போது அவருடைய முகம் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு நாள், பொழுது சாய்கிற மஃரிபு நேரம், அவர் கடலுக்குள் இறங்கிவிட்டார். கரையோரமாகத் தெற்கே பார்த்து நடந்துகொண்டே, கண் முனையால் கடலைப் பார்த்துக்கொண்டே, இடுப்பளவு தண்ணீருக்குப் போயிருக்கிறார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப் போய்க் கொண்டுவந்து விட்டார்கள். ஈரச் சேலையோடு வளவுக்குள் வந்தவர் என்னைக் கண்டு சிரித்தார். "இன்னும் கொஞ்சம் போயிருந்தா நடுவுக்கு வந்திருப்பார்" என்றார்.

அடுத்த நாள் நான் அந்தக் கலியாணச் சுருளை மறுபடி வெளியே எடுத்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாது. அவர் திரும்பவும் கடலுக்குப் போவார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நல்ல உச்சி வெயிலில் கிணற்றடிக் கல்லில் இருந்துகொண்டு, முதலில் அந்தப் படத்தையே பார்த்தேன். பெண்கள் எல்லோருக்கும் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து. மச்சானுக்கு மட்டும் வலது பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்தில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. வெளிச்சம் பட்டால்தான் படம் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது நான். அப்படியென்றால் இந்த வெளிச்சம் எங்கிருந்து?

பிறகுதான், நான் ஒருநாளும் பார்க்காத அந்தக் கறுத்த துண்டுகளைத் தூக்கிப் பிடித்தேன். வானத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் கறுப்பு. தகரக் கூரை கண் கூசுகிற மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே பிடித்தேன். கறுப்புக்குள் பெண்ணின் முகம் மங்கலாக இருந்தது. அவளுடைய நெற்றிக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. கடல். அடுத்த துண்டில், சுற்றியிருந்த பெண்களின் மடிகளின் மேலே ஒரு படகின் மூக்கு ஏறி நின்றது.

கல்லில் இருந்தபடியே கூப்பிட்டேன். "உம்மா, பெருநாளைக்கு அலுமாரி தொடச்சீங்களா?"

"தொடைக்காம? டப்பா ரெண்டும் ஒரே தூசி. கழுவிக் காய வெச்சன்."

"உள்ள கிடந்ததெல்லாம்?"

"எடுத்துத் திருப்பிப் போட்டன்."

"எத எதுக்குள்ள போட்டீங்க?"

"உருளைய டப்பாக்குள்ள போட்டன் மனே. எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடந்த."

உம்மாவைக் குறை சொல்ல முடியுமா? புதுச் சுருளுக்கும் வால் நுனி வெளியேதான் நிற்கும், பார்த்தால் ஒரே மாதிரித்தான். காக்கா பாதியில் கழற்றி வைத்த ஆண்கள் சுருளை வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்து, புதுசு என்று நினைத்து, தொடக்கத்திலிருந்தே பெண்களை அதன் மேல் எடுத்திருக்கிறேன். காக்கா வெயிலில் எடுத்த கடலும் படகும் கறுத்துப் போய் அந்த அறையை மறைத்துவிட்டன. கடைசியாக அவர் எடுத்தது, கரையில் வலை வைக்கிற ஓலை வாடி. வாடிக்குள் இருட்டு, ஆகவே அதன் மேல் கலியாண அறை நன்றாக விழுந்துவிட்டது. வாடி வாசலில் வெயில் பட நின்ற மச்சான் மட்டும் அறைக்குள் வந்துவிட்டார்.

எனக்குப் பயம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை, வேறொரு பயம் வந்தது. பள்ளிவாசலில் கூடிக் கதைத்தவர்கள் சொல்லி ராத்தாவுக்கு அவர் மௌத்தாகவில்லை, ஒதுங்கின பலகைகளாலும் ஆகவில்லை. இப்போது நான் வேலியைத் தாண்டிப் போய்ச் சொன்னால், ராத்தாவுக்கு அவர் என் வாயாலே மௌத்தாவார். சொல்லாவிட்டால் ராத்தா கடலுக்குள் போவார். குசினிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். உம்மா சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "என்னடி, பேய் புடிச்சவள் மாதிரி" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டார். "போய்ச் செல்லு" என்றார். "நானும் வாறன்."

ராத்தாவை வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கறுத்த துண்டைக் கையில் கொடுத்து, கூரையின் மின்னலுக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் முனையால்தான் பார்த்தார்.

"நேராப் பாருங்க ராத்தா. நேராப் பாத்தாத்தான் தெரியும்."

திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். "இது எங்கட கடல்" என்றார்.

"ஓம்."

"அவங்கட மெசின் போட்டு."

"ஓம் ராத்தா. அவர் போன காலையில காக்கா எடுத்த. அதுக்கு மேலதான் நான் கலியாணத்த எடுத்திரிக்கன். தெரியாம." பிறகு மச்சானின் முகத்திலிருந்த வெளிச்சத்தைக் காட்டினேன். மற்றவர்களின் முகத்திலிருந்த வெளிச்சத்தையும் காட்டினேன்.

"அப்ப அவர் அங்க வந்து நிக்கல்ல."

"இல்ல."

"என்னப் பாக்கல்ல."

உம்மாதான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கூரை சுட்டுக்கொண்டிருந்தது. ராத்தா உள்ளே போய், அன்று மூடி வைத்திருந்த சோற்றை எடுத்துக் கோழிகளுக்குப் போட்டார். வாப்பா வந்தபோது அவர் கேட்க முதலே, "வெள்ளைத் துணி வாங்கிட்டு வாங்க வாப்பா" என்றார். கிழவர் நிலத்தில் இருந்துவிட்டார். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்தபோது அவருக்கு எழும்ப முடியவில்லை.

ராத்தா இத்தாவில் இருக்கும்போது காக்கா ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் வந்தார். எல்லாவற்றையும் சொல்லி, பெண்களின் முகங்களின் மேல் காகிதம் ஒட்டிப் படத்தைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாடிய நான்தான் எடுத்தன்" என்றார். "ஆனா அவன் அங்க நிண்டத நான் காணல்ல. அவன் போட்டுக்குள்ள இரிக்கான் எண்டுதான் நெனச்சிக்கிட்டு நிண்டன்."

"ஓரத்துல நிண்டிரிப்பார் காக்கா. ஒங்கட யன்னலுக்கு வெளிய."

"ஓம். அப்பிடித்தான் இரிக்கும்" என்றார். ஆனால் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட இருந்தார். நான் எடுத்தபோது நான் காணவில்லை, அவர் எடுத்தபோது அவரும் காணவில்லை.

காக்கா வந்தது ராத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுவிட்டார். அறை வாசலில் தொங்கிய சீலைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். பெண் என்பதால் உள்ளே போகலாம், ஆனால் கால் எழும்பவில்லை.

"காக்கா என்ன சென்னார்? அவர் ஏதும் கதைச்சாராமா? ஏதும் சென்னாராமா?"

"காக்கா அவரக் காணவே இல்லயாம் ராத்தா."

சீலைக்கு அந்தப் பக்கம் பாய் அசைந்தது, அவர் கிட்ட வந்துவிட்டார்.

"ஒண்டு கேக்கிறன் புள்ள. பொய் செல்லாத. அந்தப் படத்துல அவர் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறார்? ஊரப் பக்கமா, கடலப் பக்கமா?"

இதை நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்டுவிடக்கூடாது என்று பயந்துகொண்டும் இருந்தேன். காலை நேரம். எங்கள் ஊரில் காலை வெயில் கடலுக்கு மேலால்தான் வரும். மச்சானின் முகம் முழுக்க வெயில்.

"கடலப் பக்கம், ராத்தா" என்றேன்.

"ஓம்" என்றார் உள்ளிருந்து. "போற அண்டைக்கு அவர் ஊரப் பக்கம் திரும்பிப் பாக்கிறல்ல. திரும்பினா போக மனசு வராது எண்டு செல்லுவார்."

அதற்குப் பிறகு சீலைக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அடுத்த வளவுகளுக்கும் கேட்கிற மாதிரி. படகு போன நாளிலிருந்து ராத்தா அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன மனே?" என்று கேட்டார். நான் எழும்பிச் சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.